அம்சாவின் இரண்டாவது கல்

அரிசோனா, 12-3-1977

அன்புள்ள வச்சலா,

நலம். அம்சா போய் வருஷமாகப் போகிறது. நாலு வரிக்கு மேல் நீ எழுதுவதே இல்லை. கோபம் நியாயம்தான்.

ஒரு சேதி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறுகோள்கள் கூட்டமாகச் சுற்றுகின்றன. அதில் உள்பக்கமாக ஓடும் ஒன்றை எங்கள் தொலைநோக்கி எடுத்த போட்டோத் தகட்டில் முதலில் பார்த்தவன் நான். பெயர் வைக்கிற உரிமையும் எனக்கே. 'அம்சா' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூனில் வானியல் பட்டியலில் அச்சேறும். ஒளியைச் சோதித்ததில் முழுக்கக் கல்லாம். நம் பெண் பெயர் இனி அழியாது.

உன் பூவராகவன்

செய்யூர், 4-4-1977

அன்புள்ள அத்தானுக்கு,

படித்ததும் கடிதத்தோடு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். போயும் போயும் கல்லிலா வைத்தீர்கள்!

காரியத்துக்கு நீங்கள் இருந்திருந்தால் இப்படிச் செய்ய மனசு வந்திருக்காது. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு வேண்டாம் என்றார்கள். நான்தான் அழுது கல் நடவைத்தேன். அவள் உயிர் அதில் தங்கித் தினமும் சோறும் தண்ணியும் வாங்கிக்கொண்டது. பத்தாம் நாள் தணிகைவேல் அண்ணன் கல்லைப் பிடுங்கி, மாமல்லபுரத்துக் கடலில் இடுப்பளவு இறங்கி வீசினார். "போய்ச் சேரு கண்ணு, திரும்பிப் பாக்காத" என்று நானே சொல்லி அனுப்பினேன்.

அவளை மறுபடி ஒரு கல்லில் உட்கார வைத்திருக்கிறீர்களே! "இன்னா வச்சலா இது, அத்த யாரு புடுங்கிப் போடறது?" என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஜூனுக்கு நாள் இருக்கிறது. பெயரைத் திரும்ப வாங்குங்கள். காலில் விழுகிறேன்.

உங்கள் வச்சலா

அரிசோனா, 25-4-1977

அன்புள்ள வச்சலா,

மேலதிகாரியிடம் போனேன். ஒரு கையெழுத்துப் போட்டால் எடுத்துவிடலாம் என்றார். பேனாவை வாங்கினேன். முடியவில்லை.

நீ அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டினாய், முகம் பார்த்தாய். எனக்குத் தந்திதான் வந்தது. உயிர் கல்லில் தங்கும் என்பதையெல்லாம் நான் நம்பியதில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து நம்ப ஆசையாக இருக்கிறது. நீ சொல்வது நிஜமென்றால், கொஞ்ச காலம் என்னோடும் இருக்கட்டுமே. டிசம்பரில் வருகிறேன், நேரில் பேசலாம்.

உன் பூவராகவன்

செய்யூர், 14-5-1977

பூவராகவன் அவர்களுக்கு,

நம்பாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே பிள்ளையைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்குக்கூட என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள். அந்த இருட்டில் யாரைக் கூப்பிடுவாள்? ராத்திரி கண்ணை மூட முடியவில்லை, பாவி மனுஷா.

டிசம்பரில் வந்தால் மெட்ராஸில் உங்கள் அக்கா வீட்டிலேயே தங்கிக்கொள்ளுங்கள். இங்கே கதவைத் தட்ட வேண்டாம், திறக்க மாட்டேன்.

அம்சாவின் அம்மா