பம்ப்செட் தொட்டியில் எட்டுப் பேர்

ஆகஸ்ட் 7, வியாழன்
ஒருவரை விட்டுவிட்டு எழுதிய வரலாறு பொய்யா? வகுப்பில் வருடாவருடம் நான் கேட்கும் கேள்வி. எனக்கே பதில் தெரியாது.

புழுக்கம். தூறலோடு சரி.

ஞாயிறன்று பாப்டிஸ்ட் சபையின் வெள்ளிவிழா ஆராதனை. அதில் வாசிக்கச் சபை வரலாறு வேண்டுமாம். அங்கே உறுப்பினரான என் கணவர் என்னைக் கேட்காமலே ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். இப்போது மூவாயிரம் நாற்காலி, இரண்டு பெரிய திரை. ஆரம்பம், கத்தரித் தோட்டத்துப் பம்ப்செட் தொட்டியில் ஏழு பேருக்கு முழுக்கு ஞானஸ்நானம். போதகர் சொன்னது.

பழைய போட்டோவில் எட்டுப் பேர். ஓரத்தில் ஒரு பெண், ஈரப் புடவை, கையில் துண்டு.

சிலிண்டர் புக் செய்யணும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
சபைப் பதிவேட்டில் எட்டாவது பெயர் மல்லிகா. மேலே சிவப்புக் கோடு. போதகரிடம் கேட்டேன். நாகர்கோவில்காரர், நிதானமாகப் பேசுவார்.

“மக கல்யாணத்த கோயில்ல வச்சாங்க சிஸ்டர். கமிட்டி அவங்க பேர நீக்கிட்டுது.”

“முழுகினது முழுகினதுதானே?”

“முழுக்கினதே நான்தானே.” பதிவேட்டை மூடி, “ஏழுன்னே போடுங்க. விழாவுல போய் வழக்கு எதுக்கு.”

எனக்குக் குழந்தையில் வேறு சபையில் நெற்றியில் தண்ணீர் தெளித்த ஞானஸ்நானம்தான். இங்கே அது செல்லாது. பதிவேட்டில் அடிப்பதற்குக்கூட என் பெயர் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி
ஒரகடம் கூட்ரோடு. விசாரித்துக்கொண்டு போனேன்; மல்லிகா கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்தார். கேண்டீனில் காய் நறுக்கும் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் வருடம் முழுக்க ஜெபம் அவர் வீட்டில்தானாம். போதகர் இதைச் சொல்லவில்லை.

“ஞாயித்துக்கெயமன்னா கட்டிலத் தூக்கி வெளிய போட்டுடுவேன். எங்க வூட்டுக்காரரு அதுமேல குந்திகினு திட்டுவாரு. பாட்டு நின்னா மட்டும், ‘இன்னா, இன்னிக்கு அவ்ளோதானா’ம்பாரு.”

பெயர் வர வேண்டுமா என்று கேட்டேன். சாலையைப் பார்த்தார்.

“வேணாம்னு சொன்னா பொய்யி. மாப்ள வூட்ல கேட்டாங்க, கோயில்ல கட்டிக் குடுத்தேன். அதுக்காவ நான் தண்ணில எறங்கினது இல்லேன்னு ஆய்டுமா டீச்சர்?”

பஸ் வந்துவிட்டது.

மதியம் எட்டுப் பெயரும் அவர் வீடும் சேர்த்து எழுதிச் சபை அலுவலகத்துக்கு அனுப்பினேன். சாயங்காலம் திருத்தித் திரும்பி வந்தது. எட்டாவது பெயர் இல்லை, வீடு இல்லை. போட்டோவிலும் ஓரம் வெட்டு. ‘நன்றி சிஸ்டர்.’ பதில் போடவில்லை. தோசைக்கு ஊறப்போட மறந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
நடந்தது மட்டும்.

போதகரே வாசித்தார். ஏழு பெயர். தாளை மடிக்காமல் திரும்பித் திரையைப் பார்த்தார். படத்தை வெட்டியவர் துண்டு பிடித்த கையை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார். ஆள் இல்லாத கை, அவ்வளவு பெரிதாக.

“மல்லிகா,” என்றார். “அவங்க வீட்லதான் முதல்ல பாடினோம்.”

தாளில் இல்லாதது. முன்வரிசையில் கமிட்டிக்காரர் ஒருவர் இருமினார். அடுத்து பாட்டு.

வெளியே வந்து மல்லிகாவுக்குப் போன். ஞாயிறிலும் கேண்டீனில் ஓ.டி. வேலை. பாத்திரச் சத்தம். சொன்னேன்.

“அப்டியா. சந்தோசம்.” பிறகு, “மோட்டார் போட்டு உட்டாரே நெலத்துக்காரரு, நெத்தில பட்டையோட. கடைசி ஆளு முழுகி எழுந்திரிக்கிற வரிக்கும் சுவிச்சாண்டயே நின்னுகினு இருந்தாரு. அவுரு பேரச் சொன்னாங்களா?”

இல்லை என்றேன். அந்தப் பெயரை நான் யாரிடமும் கேட்கவே இல்லை.