மூட்டிய சாரம்

காத்தான்குடி,
நோன்பு பிறை 24, 1942

திருகோணமலைத் துறைமுகத்தில் தச்சுவேலை செய்யும் மஜீட் மச்சானுக்கு றஸீனா சலாம் கூறி எழுதிக்கொள்வது.

உம்மாவும் ஸகியாவும் நானும் சுகம். சித்திரையில் அங்கே குண்டு விழுந்ததிலிருந்து உங்கள் கடிதம் ஒன்றுகூட இல்லை. நானும் நாலு கடிதம் போட்டேன், நாலும் நமக்குத் தெரிந்த அரபுத் தமிழில், அரபு எழுத்தில் தமிழாக. பட்டாளத்தார் கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்களாம், விளங்காத எழுத்தைத் தடுத்து வைக்கிறார்களாம் என்று துணிக்கடை பக்கீர் காக்கா நேற்றுச் சொன்னார். எனக்கு என்ன சந்தோசம் தெரியுமா! நீங்களும் அரபுத் தமிழில்தானே எழுதுவீர்கள். அதுதான் வரவில்லை, வேறொன்றுமில்லை. இதை அவருடைய மகள் சித்தி நபீஸாவைக் கொண்டு தமிழெழுத்தில் எழுதுவிக்கிறேன். ஆகையால் சில சங்கதிகளைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுதுகிற பிள்ளை இப்போதே சிரிக்கிறது.

பெருநாளுக்குத் துணி எடுக்கப் போனேன். காலையிலிருந்து வரிசையில் நின்றும் வீட்டுக்கு ஒரு துணிதான். நீங்கள் இடுப்பில் உடுக்கும் சாரத்துக்கென்று நீலக் கட்டம் போட்டது கிடைத்தது. பிள்ளை ஸகியாவுக்கு இரண்டு சட்டை தைக்கலாம், இல்லாத ஆளுக்கு என்னத்துக்குச் சாரம் என்று உம்மா கேட்டுவிட்டா. கேட்ட பிறகு அவவே அழுதா. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவவோடு பேசவில்லை. பெருநாளுக்கு மாப்பிள்ளைக்குப் புதுச்சாரம் எடுக்காத வீடா நம் வீடு?

இரண்டு தலைப்பையும் சேர்த்துத் தைத்துச் சாரத்தை மூட்டி முடித்தேன். ஸகியா அதற்குள் புகுந்து, கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இது எனக்கும் வாப்பாவுக்கும் காணும் என்றாள். உம்மா சிரித்துவிட்டா. என் கலியாணச் சேலையில் ஒரு பக்கம் வெட்டி அவளுக்குச் சட்டை தைத்தாயிற்று. கோபிக்க வேண்டாம், அதை உடுத்துக் காட்ட நீங்கள் இங்கே இல்லையே.

பெருநாள் இனிப்புக்குத் தொதல் கிண்ட அரிசி இல்லை. உம்மா கோதுமை மாவை வைத்து என்னவோ செய்து பார்க்கிறா. வாயில் வைக்க முடியவில்லை.

மச்சான், நீங்கள் நீளமாக எழுத வேண்டாம். தமிழெழுத்துத் தெரிந்தவரைத் தேடவும் வேண்டாம். இடக்கைப் பெருவிரலை மையில் தொட்டு ஒரு தாளில் பதித்து அனுப்புங்கள். அதை எந்தப் பட்டாளத்தானும் தடுக்கமாட்டான். உளி வெட்டிய தழும்பை நான் கண்டுகொள்வேன்.

அந்த விரலை அல்லாஹ் காப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் றஸீனா