பால் சாப்பாட்டில் சேராது

ஆகஸ்ட் 7, வியாழன்

இல்லை, அப்பாவுக்கு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. டாக்டரிடமும் அதையே சொன்னேன். வியாழக்கிழமை மட்டும் இராஜபாளையம் வருகிற நரம்பு டாக்டர். வெளியே நாற்பது பேர்.

"சாப்பாட்டுக்கு முன்னாடிதான குடுக்கீங்க?"

"ஆமா சார்."

ஒரு மாத்திரையை ஒன்றரை ஆக்கினார்.

அப்பா மில்லில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் வந்து பதினோரு மாதம். இன்று டாக்டர் அறையின் வாசல்படியைத் தாண்டக் கால் எழவில்லை. "போங்கப்பா" என்றேன். "போறேன்னுதான் சொல்லுதேன். காலு கேக்க மாட்டேங்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

எம்.எஸ்சி. நோட்டைத் தேடி எடுத்தேன். டோபமின். அதைச் சுரக்கும் செல்கள் அப்பாவின் நடுமூளையில் பெரும்பாலும் செத்துவிட்டன. மாத்திரை அதன் மூலப்பொருள். மூளைக்குள் போன பிறகே டோபமினாகும். என் கையெழுத்தில் ஒரு வரி: 'வரும் செய்தியை நரம்பு செல் எவ்வளவு உரக்கக் கேட்கவேண்டும் என்பதை இது மாற்றுகிறது.'

எழுதியபோது அழகாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சீக்கிரம் விழித்தேன். அம்மா மாத்திரை கொடுப்பதை முதன்முறையாக நின்று பார்த்தேன். பெரிய டம்ளர் நிறையப் பாலோடு.

"சாப்பாட்டுக்கு முன்னாடில்லம்மா குடுக்கணும்?"

"முன்னாடிதான். இட்லி எட்டு மணிக்குத்தான."

"பால்?"

"ஏட்டி, பால் சாப்பாடா? வெரதத்துக்கே குடிக்கோம். வெறும் வயித்துல போட்டா கொடலு புண்ணாயிரும்லா."

பாலின் புரதமும் அந்த மாத்திரையும் குடலில் ஒரே வழியாக நுழைபவை. மூளையின் வாசலிலும் அப்படித்தான். புரதம் நிறைய இருந்தால் மருந்து வெளியே நின்றுவிடும். பத்து மதிப்பெண் கேள்வி. எழுதித் தேறியிருக்கிறேன். பதினோரு மாதமாக இதே ஸ்ரீவில்லிபுத்தூரில், இதே வீட்டில்தான் இருக்கிறேன்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நீ ஆற்றிக் கொடுத்த பால்தான் அவரை மரமாக்கியது என்றா?

ஆகஸ்ட் 13

சொல்லவில்லை. "பால் சளி கட்டும்னு டாக்டர் சொன்னாரு" என்று பொய் சொன்னேன். இனி மாத்திரை என் பொறுப்பு. தண்ணீரில்.

ஆகஸ்ட் 16, சனி

சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். தெருமுனை வரை போய்வந்தார். அம்மா ஆண்டாளுக்கு மாலை வாங்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு மறுக்கக்கூடாது என்று எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தூக்கமே இல்லை அவருக்கு. தோள் தானாக நெளிகிறது. காலையில் பால்காரர் இம்மானுவேலின் ஹாரன் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"நாந்தான் பால் குடிக்கலயே. பொறவு அவன் எதுக்கு வாரான்?"

"டீக்குப்பா."

"டீக்கு ரெண்டு மட்டம் ஹாரன் அடிப்பானா?"

அம்மா சிரித்துவிட்டாள். "எனக்கு அம்பத்தாறு. அவருக்குப் பேரன் பொறந்தாச்சு. நல்லா ஜோடி சேத்திய, போங்க."

அப்பா சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

செம்பை எடுத்து அம்மாவை அடித்துவிட்டார். புருவத்துக்கு மேல் மூன்று தையல்.

அவர் கை நடுங்கவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். என்ன பிறவி நான்?

ஹாரன், கேட்டின் கிறீச், அம்மா தலையில் பூ — எல்லாமே அவருக்கு உரக்கக் கேட்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்: இம்மானுவேல். பால் தடுத்துக்கொண்டிருந்தது தெரியாமல் டாக்டர் அளவைக் கூட்டினார். நான் பாலை எடுத்தேன். கூட்டியது முழுக்க உள்ளே போய்விட்டது.

டாக்டருக்கு ஒரு போன் போதும். ஏன் பண்ணல? அம்மா மனசு நோகக் கூடாதாம்ல. இப்ப நோகலையா?

ஆகஸ்ட் 25

சித்தி மாரிக்கனி வந்து அம்மாவை சுந்தரபாண்டியத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

டாக்டரிடம் எல்லாம் சொன்னேன்.

"பால நிறுத்துனது சரிதாம்மா. எங்கிட்டச் சொல்லிட்டு நிறுத்திருக்கணும்."

மாத்திரையை முக்காலாகக் குறைத்தார்.

"சந்தேகம் போயிருமா சார்?"

"நெறையப் பேருக்குப் போயிரும். சில பேருக்கு…" அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

சுந்தரபாண்டியம். அம்மாவிடமும் சொன்னேன் — பால், பொய், மாத்திரை. தையல் பிரித்திருந்தது. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அவளுக்குப் பாலைப் பற்றிக் கவலையே இல்லை.

"மாத்திரை அடிச்சிச்சு, சரி. அந்தப் பேச்சு? மனசுல இல்லாததையா மாத்திரை பேசும்?"

"அப்படி இல்லம்மா…"

"அப்ப எப்படி? நீதான படிச்சவ, சொல்லு."

அது நோட்டில் இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

அப்பா மெதுவாக, ஆனால் விழாமல் நடக்கிறார். தோள் நெளிவதில்லை. இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறார். தெளிந்துவிட்டார், அம்மாவைக் கூட்டி வரலாம் என்றுதான் நினைத்தேன். காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"ஒங்கம்மா அவங்கூடத்தான இருக்கா?"

"சித்தி வீட்ல இருக்காங்கப்பா."

"சரி, சரி. நீ அப்படித்தான் சொல்லுவ." என் தலையைத் தடவினார். அவ்வளவு அன்பாக.

அம்மாவின் சேலைகள், மூக்குக்கண்ணாடி, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்தேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பகல் பஸ்ஸில் சுந்தரபாண்டியம் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.