பெரியப்பா மகள்

இராஜபாளையம்,
12-7-1987

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சி பரிபூரணத்துக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் பிள்ளைகளும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? நீ டைப் அடிக்கப் போகும் வக்கீல் ஆபீஸில் இப்போதாவது ஃபேன் மாட்டினார்களா, இல்லை இன்னும் பழைய கேஸ் கட்டால்தான் விசிறிக்கொள்கிறாயா?

இதை முதலில் நீ தனியாக வாசி.

வெள்ளிக்கிழமை மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு கேட்டேன். பாலம்மாள் என்று ஒரு பிள்ளை குனிந்தபடி நின்றாள். திரும்பவும் கேட்டேன், பதில் வரவில்லை. ஸ்கேலால் கையில் அடித்துவிட்டேன். "டீச்சர், அவ சொல்லிட்டா டீச்சர்! ரெண்டு வாட்டியும் சொன்னா!" என்று முன்பெஞ்சுப் பிள்ளைகள் கத்திய பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளை அழக்கூட இல்லை. எதைத் தப்பாகச் சொன்னோம் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ளத்தான் தெரிந்தது.

பரிபூரணம், எனக்குக் காது கேட்கவில்லை. சின்னவன் பிறந்ததிலிருந்து இப்படி. மில் ஓடுகிற மாதிரி எந்நேரமும் உள்ளே ஒரு இரைச்சல். ஓடுகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேசினால் நன்றாகக் கேட்கிறது, அமைதியான வீட்டில் கேட்க மாட்டேன் என்கிறது. யாரிடம் சொன்னால் இதை நம்புவார்கள்? அத்தானுக்குக்கூடத் தெரியாது. அவர் கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால், கோபமாக இருக்கிறேன் என்று எண்ணிக்கொள்கிறார். செவிடி என்று எண்ணுவதைவிட அது தேவலை என்று விட்டுவிட்டேன்.

மதுரையில் காதுக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறாராம். தனியாகப் போகப் பயம். அவர் சொல்வதே எனக்குக் கேட்காமல் போனால் என்ன செய்வேன்? ஒரு நாள் லீவு போட்டு என்னோடு வருவாயா?

அன்பு அக்கா,
ஏசம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
20-7-1987

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

உன் கடிதத்தை அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "உங்க அப்பாவுக்கு வந்தது அவளுக்கும் வந்துட்டே" என்று அழுதாள். பிறகு பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விடச் சொன்னாள்.

அக்கா, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு செட்டியார்பட்டியிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் நேசையன், மின்வாரியத்தில் வேலை. போட்டோ பார்த்தேன், எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் அம்மா செல்லக்கனி எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கிறவர்களாம். நீ மதுரைக்குப் போனால் நாலு பேருக்குத் தெரியும், குடும்பத்தில் உள்ள வியாதி என்று பேச்சு வரும். சபையில் உபதேசியாராக ஊழியம் செய்த நம் அப்பாவை, அவர் இருந்த நாளில், "செவிட்டு உபதேசியார்" என்று தெருப் பையன்கள் கூப்பிட்டதும், அவர் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தபடி கை தூக்கியதும் உனக்கு மறந்திருக்காது.

கல்யாணம் முடியட்டும், அதுவரை பொறுக்கச் சொல் என்கிறாள் அம்மா. அம்மா சொன்னதாக மட்டும் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கோபிக்காதே.

தங்கச்சி,
பரிபூரணம்


இராஜபாளையம்,
27-7-1987

பிரியமான பரிபூரணத்துக்கு,

உன் நல்ல செய்தியைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். நான் பொறுத்துக்கொள்கிறேன். இத்தனை நாள் மறைத்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் மறைப்பது பெரிதில்லை. அவர்கள் பேசி முடிக்க வரும் அன்று நான் வராவிட்டால் அதற்கும் காரணம் கேட்பார்கள். வந்து அடுக்களையில் இருந்துகொள்கிறேன். யாராவது பேச வந்தால் நீ பக்கத்தில் நில்.

எண்ணெய் விட்டுப் பார்த்தேன். தலையணைதான் நனைந்தது.

அக்கா,
ஏசம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
9-9-1987

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? போனதும் எழுதுகிறேன் என்றாய், ஒரு வரியும் வரவில்லை. சின்னவனுக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே?

வந்துபோன மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் திருப்தியாம். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா இப்போதே மாவு இடிக்க ஆள் பார்க்கிறாள்.

செல்லக்கனி அத்தை உன்னிடம், "பிள்ளைக எங்கம்மா படிக்குது?" என்று கேட்டதற்கு நீ, "ஆமா, பால்கோவா ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாயே, எல்லோரும் சிரித்தது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அப்புறம் நான் எப்படியோ சமாளித்துவிட்டேன். யாரும் எதுவும் நினைக்கவில்லை.

பதில் எழுது.

தங்கச்சி,
பரிபூரணம்


இராஜபாளையம்,
4-10-1987

பரிபூரணத்துக்கு,

நீ எப்படிச் சமாளித்தாய் என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் சிரித்து முடித்ததும் அந்த அம்மா உன் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார்கள். நீ சொன்னாய்: "சொந்த அக்கா இல்ல அத்தே. பெரியப்பா மக." நம் அம்மாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். எனக்குக் கேட்காது என்று உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் இந்த இரண்டு வருஷமும் நான் எல்லோருடைய வாயையும் பார்த்துத்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். உன் வாய் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெட்கம்தான் வந்தது. திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி, அடுக்களையில் கழுவின டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து, "ஏட்டி, நீ எம்மேல என்னமோ மனத்தாங்கலா இருக்கேன்னு ரெண்டு வருசமா பயந்துக்கிட்டுல்லா கெடந்தேன்" என்றார். மறு வாரமே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் கவட்டைக் குச்சி மாதிரி ஒரு இரும்பைத் தட்டிக் காதுக்கு முன்னால் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினார். கோயில் மணி அடித்த மாதிரி கணீரென்று கேட்டது. அழுதுவிட்டேன். நரம்பு நன்றாக இருக்கிறதாம். உள்ளே குதிரை ஏறுகிறவர் கால் வைக்கும் அங்கவடி மாதிரி ஒரு குட்டி எலும்பு உண்டாம். சத்தம் வந்தால் அது அசைய வேண்டும், எனக்கு இறுகிவிட்டது என்றார். ஒரு காதில் ஆபரேஷன் செய்து பார்க்கலாம், பெரும்பாலும் கேட்கும், கேட்காவிட்டால் மெஷின் இருக்கிறது என்றார். சிலருக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பின் இது கூடுமாம். "இதுல வெட்கப்பட என்னம்மா இருக்கு, முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார்.

வீட்டில் வேறு யாருக்கு உண்டு என்று கேட்டார். அப்பாவைச் சொன்னேன். "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்றார். நான் செத்த நேரம் பேசவில்லை. எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து அத்தான் அதையே சத்தமாகத் திருப்பிக் கேட்டார். "ஒரு தங்கச்சி" என்றேன். உன்னையும் ஒருதரம் காட்டிவிடச் சொன்னார் டாக்டர். இதற்காகத்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டேன். பாலம்மாளிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது பிள்ளைகள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துப் பாடம் ஒப்பிக்கிறார்கள்.

ஏசம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
1-11-1987

அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து ஆபீஸில் யாராவது என் வாயைப் பார்த்தால்கூட உடம்பு கூசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அம்மாவிடம் சொல்லாமல் செட்டியார்பட்டிக்குப் போனேன். அவர்கள் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன்: அவள் என் சொந்த அக்கா, அவளுக்குக் காது கேட்காது, இறந்துபோன எங்கள் அப்பாவுக்கும் கேட்காது, எனக்கும் வரலாம்.

செல்லக்கனி அத்தை காபி கொடுத்தார்கள். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தேன். பிறகு, "காது கேக்காததுல என்னம்மா இருக்கு? எங்க அண்ணாச்சிக்கே கேக்காது. அவிய எங்களோடதான் இருக்காவ. ஆனா கூடப் பொறந்தவள அவ முன்னாலயே இல்லேன்னு சொல்ல ஒனக்கு எப்படி வாய் வந்துச்சு?" என்றார்கள். நேசையன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை.

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நேற்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா என்னோடு பேசுவதில்லை.

உனக்காகப் போனேனா, என் வெட்கத்தை இறக்கி வைக்கப் போனேனா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் மன்னித்துக்கொள் என்று கேட்கவும் வாய் வரவில்லை. காதைக் காட்ட இன்னும் போகவில்லை. பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தோடுதான் நீ என்னைத் துணைக்குக் கூப்பிட்டாய்.

பரிபூரணம்


இராஜபாளையம்,
10-1-1988

பிரியமான பரிபூரணத்துக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கிறிஸ்மஸுக்கும் வரவில்லை. காரணம் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் நின்றது என்று படித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். உன் போட்டோவுக்கு எதிரில் நின்றுகொண்டுதான் அப்படி நினைத்தேன். பிறகு பேனாவை எடுக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு முன்னால் வந்து நின்றது. நீ மட்டும்தான் வெட்கப்பட வேண்டியவள் என்று இருந்துவிடாதே.

பிப்ரவரி முதல் வாரத்தில் மதுரையில் ஆபரேஷன். அத்தானுக்கு மில்லில் ஒரு நாள்தான் லீவு தருவார்கள். அதற்குப் பிறகு சில நாள் தலைசுற்றல் இருக்குமாம். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, எழுந்தால் யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறார் டாக்டர். வேறு ஆளைச் சொல்லலாமா என்று யோசித்தேன். யாரும் மனதில் வரவில்லை.

நீ வா. டாக்டர் அங்கேயே இருப்பார், உன் காதையும் காட்டிவிடலாம். அம்மாவையும் கூப்பிட்டுப் பார். வராவிட்டால் நீ மட்டும் வா.

பேச வேண்டியதை எல்லாம் காதுக் கட்டைப் பிரித்த பிறகு பேசுவோம். அப்போது என் பின்னால் நின்று மெதுவாகவே பேசு. கேட்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அக்கா,
ஏசம்மாள்