வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

கையில் இன்னும் துரு வாடை அடிக்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நம் பள்ளிக் கழிவறைத் தாழ்ப்பாள் இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பக்கத்தில் படுத்திருக்கும் அம்மா புரளும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். நீ இருந்திருந்தால் காதில் சொல்லியிருப்பேன்.

வீட்டில் 'தாப்பா போடு' என்றால் கதவைச் சாத்து என்று அர்த்தம். வகுப்பில் டீச்சர் சொன்னால் வாயை மூடு என்று அர்த்தம். அது பெரும்பாலும் உனக்குத்தான். நம் பள்ளிப் பெண்களுக்கு மட்டும் தாப்பா என்பது ஓர் ஆள். கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது என்பதால், ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்து நிற்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு நீதான் தாப்பா. உள்ளே போனதும் பயத்தில் "இருக்கியாடி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "இல்ல, கிள்ளைக்கு பஸ் ஏறிட்டேன்" என்பாய்.

ஆய்வுக்கு அதிகாரியம்மா வந்த அன்று நான் உள்ளே மாட்டிக்கொண்டேன், வெளியே நீ கதவைப் பிடித்து நின்றாய். தலைமையாசிரியை அவரை நேராகக் கழிவறைக்கே அழைத்து வந்துவிட்டார்.

"நகரு பாப்பா" என்றார் அதிகாரியம்மா.

"முடியாது மேடம்."

"யாரு நீ?"

"தாப்பா, மேடம்."

அதிகாரியம்மா சிரித்துவிட்டார். நான் வெளியே வரும்வரை காத்தும் நின்றார். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. "மொதல்ல உன் வாய்க்குப் போடணும்டி" என்றார்.

அடுத்த வாரமே தாழ்ப்பாள் வந்தது. பொருத்த வந்தவர், நாய் நுழையாமல் இருக்கத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, வெளிப்பக்கம் பொருத்திவிட்டுப் போய்விட்டார். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "ஏண்டி, நம்மள கைதின்னு நெனச்சுட்டாங்களா?" அதன்பின் உனக்கு வேலை இரண்டானது. யாரும் திறக்காமலும் பார்க்க வேண்டும், பூட்டிவிட்டு ஓடாமலும் பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று உன்னைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து நான் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை. கொண்டுபோன பாட்டில் நிறைந்தபடியே வீடு வருகிறது. "என்னாடி, பாட்டிலுக்கு சிதம்பரத்த சுத்திக் காட்டிட்டு வரியா?" என்கிறாள் அம்மா. நேற்று வயிற்றுவலி தாங்கவில்லை. அதனால்தான் இன்று அப்பாவின் டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மாலையில் எல்லோரும் போனபின் ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டேன். உள்பக்கம் வைப்பதற்குள் வாட்ச்மேன் விசிலடித்தார். அத்தனையையும் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். நாளைக் காலை பிரேயருக்கு முன் அதைப் பொருத்தாவிட்டால் நான் தாழ்ப்பாள் திருடி.

பிளாஸ்டிக் கதவுதான், அழுத்தினால் ஸ்க்ரூ ஏறிவிடும். ஆனால் உள்ளே நின்று நான் அழுத்தும்போது கதவு அசையாமல் வெளியிலிருந்து ஒருத்தி பிடித்துக்கொள்ள வேண்டும்.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். நீ உட்கார்ந்த இடத்தில் அவளை உட்கார வைத்தார்கள் என்று இதுவரை அவளோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று கடைசி மணி அடித்தபோது அவள் பாட்டிலைப் பார்த்தேன். கழுத்துவரை தண்ணீர்.

நாளை அவள் முகத்தைப் பார்த்து, நீ பேசுவாயே அதுபோல, கெஞ்சாமல் கேட்க வேண்டும்: "கொஞ்சம் கதவப் புடிக்கிறியா?" தாழ்ப்பாளைத் திருடியதுகூட இதைவிடச் சுலபம்.