குசினிக் கதிரைக்குக் கிடைத்த தேசிய விருது

இஞ்சாருங்கோ,

போன இடத்திலும் யாரையாவது மறித்து வைத்துக் கதைத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். அந்த மனுசனைக் கொஞ்சம் விட்டுவிட்டு இதைக் கேளுங்கள். உங்கள் கதிரைக்குத் தேசிய விருது கிடைத்திருக்கிறது.

பகிடி இல்லை. நாடு முழுவதும் உள்ள கவுன்சில்களில் எது நல்ல வேலை செய்திருக்கிறது என்று பார்த்துக் கொடுக்கிற விருதாம். இந்த முறை எங்கள் கவுன்சிலுக்கு. வயது போனவர்கள் நடக்கிற பாதைகளில், களைத்தால் இருந்து ஆற, அவர்களையே கேட்டுக் கேட்டு வாங்குகள் போட்டதற்காக.

கவுன்சிலில் இருந்து போன் வந்தது. "உங்கள் கணவருடைய கதிரை..." என்று தொடங்கினார்கள். "எல்லாக் கதிரையும் உள்ளுக்குத்தான் இருக்கு!" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்திவிட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. பார்த்தால் எமிலி.

அவள் முதலில் வந்த நாள் நினைவிருக்கிறதா? உங்கள் முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு, ஸ்டேஷனடியில் மரக்கறி வாங்கிக்கொண்டு ஏற்றத்தில் ஏற முடியவில்லை என்று, குசினிக் கதிரையைக் கொண்டுபோய் ஏற்றத்தின் நடுவில் புல்லின்மேல் வைத்தீர்கள். நான் தைத்த கிளிப்படக் குஷனோடு. கடைக்குப் போய்ச் சாமான் கொண்டு வாருங்கள் என்றால், வீட்டுச் சாமானைத் தெருவுக்குக் கொண்டுபோகிற மனுசனை வேறு எங்கே காணலாம்? யாரோ முறைப்பாடு செய்ய, குப்பை என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கிப் போக வந்தாள் அந்தப் பெட்டை.

"முதல்லை இதிலை இருந்து பாரும். பிறகு தூக்கும்" என்றீர்கள். கீழே வாகனத்தை விட்டுவிட்டு ஏறி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. கதிரையில் இருந்தாள். எழும்பவில்லை. நீங்கள் எனக்குப் போன் போட்டு, "இஞ்சாரும், ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாரும்" என்றீர்கள். நானும் கொண்டு வந்தேன். குடித்தாள். நன்றி சொன்னாள். ஸ்டிக்கரை ஒட்டினாள். கதிரையை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நீங்களோ வென்றுவிட்டு வந்தவர் மாதிரி வீட்டுக்கு வந்தீர்கள்.

"அவளுக்கு விளங்கிட்டுது."

"விளங்கினது சரி. கதிரை எங்கை?"

அடுத்த நாள் இன்னொரு கதிரை போனது. பிறகு அதன் சோடியும் போனது. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் நான் நின்றுகொண்டு சாப்பிட வேண்டிய நிலைமை. இதில் உங்கள் பக்கம் நியாயம் இருந்ததென்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பெட்டை ஸ்டிக்கர் இல்லாமல் திரும்பி வந்தாளே! தெருத் தெருவாக உங்களோடு நடந்து, களைத்தவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தாள். ஒருவர் மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், இன்னொருவர் மரத்தில் சாய்வார். எல்லாரையும் நீங்கள்தான் மறித்தீர்கள். அது உங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகள் வந்தன. எங்கள் ஏற்றத்துக்கு வர முதல் நீங்கள் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நான் கீழே கடைக்கு இறங்குவதில்லை. இறங்கலாம், திரும்பி ஏறுவது எப்படி? வருசம் திரும்பி உங்கள் ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு மகள் மதுரா தொடங்கிவிட்டாள். "வீட்டை வித்துட்டு சிட்னிக்கு வாங்கோ அம்மா. ஹரிஸ் பார்க் பக்கத்திலைதானே. எங்கடை கடைச் சாமான் எல்லாம் கிடைக்கும்." அவளுடைய வீட்டில் எனக்கென்று ஒரு அறையும் ஒழுங்கு பண்ணிவிட்டாள். நானும் அரை மனதாகத் தலையாட்டியிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் விருதுக் கொண்டாட்டம் வந்தது. மதுரா சிட்னியில் இருந்து வந்தாள். நான் கூறைச்சேலை உடுத்தி வர, "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் மோர்னிங் டீ" என்றாள். விருது உன் அப்பாவுக்கடி, தேத்தண்ணிக்கில்லை என்றேன்.

மண்டபத்தில் பெரிய திரை. அதில் எங்கள் கதிரை! கிளியின் தலைக்கு மேலே மஞ்சள் ஸ்டிக்கர். எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். மேயர் உங்களைக் கவுன்சிலின் பங்காளி என்றார். குப்பைத் தொட்டியை ஒருநாளாவது வெளியில் தள்ளி வைத்திருப்பீர்களா, பங்காளி?

ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். நன்றி என்று மட்டும் சொல்லத்தான் எழும்பினேன். வாய் கேட்கவில்லை.

"நல்ல பரிசு. சந்தோசம். ஆனால் என்ரை மனுசன் கதிரை வைச்ச இடத்திலை இன்னும் வாங்கு இல்லை" என்றேன், ஆங்கிலத்தில்.

மதுரா, "அம்மா, ப்ளீஸ்" என்று சேலையைப் பிடித்து இழுத்தாள். மேயரின் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. ஒரு அதிகாரி எழும்பி, அந்த இடம் சரிவு கூட, விதிப்படி போட முடியாது என்று பணிவாக விளக்கினார்.

"சரிவு எண்டபடியால்தானே களைக்குது? களைக்காத இடத்திலை வாங்கு ஆருக்கு?"

முதலில் சிரித்தது எமிலி. பிறகு மேயர். பிறகு மண்டபம் முழுக்க. நான் சிரிக்கவில்லை. எனக்கு அது வீட்டை விற்பதா இல்லையா என்ற விசயம். மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சில கிழமைகளில் மண் வெட்டுகிற மெசின் வந்தது. சரிவை வெட்டிச் சமமாக்கிச் சீமெந்து போட்டார்கள். வாங்கை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்று எமிலி என்னைக் கேட்டாள். நீங்கள் எப்போதும் மேற்குப் பார்க்க வைப்பீர்கள், பின்னேர வெயில் கண்ணைக் குத்தும் என்று நான் சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். நான் மரத்தைப் பார்க்கத் திருப்பச் சொன்னேன். அந்த வழக்கில் கடைசியாக நான்தான் வென்றேன்.

நேற்றுத்தான் தனியாக இறங்கினேன். கத்தரிக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு ஏறி வந்து, வாங்கில் இருந்து, பையைப் பக்கத்தில் வைத்தேன். பின்னாலே ஒரு சீன அம்மா தள்ளுவண்டியோடு மூச்சு வாங்க வந்தா. பையை எடுத்து மடியில் வைத்தேன். அவவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அவ்வளவு இல்லை. முழங்காலைத் தடவிக் காட்டினா. நான் என்னுடையதைக் காட்டினேன். தோடம்பழம் ஒன்றை உரித்துப் பாதி தந்தா. நல்ல இனிப்பு.

அந்த நேரம் பார்த்து மதுராவின் போன். வீட்டுப் போனுக்கு அடித்து நான் எடுக்கவில்லை என்று பயந்துபோய் இருந்தாள்.

"அம்மா, எங்கை நிக்கிறீங்கள்?"

"நிக்கேல்லைப் பிள்ளை," என்றேன், "இருக்கிறன்."

இங்கேயே இருப்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் மனுசி,
பரமேஸ்வரி