முதலில் பானட்டைத் தொட்டுப் பார்

சிம்பாங் அம்பாட், பினாங்கு

அன்புள்ள செண்பகம்,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? உன் முதுகுவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

தீபாவளிக்கு என்னால் வர முடியாது. போனில் சொல்லத் தைரியம் இல்லாமல் எழுதுகிறேன். போன வாரம் பட்டறைக்குப் பழைய பிக்கப் ஒன்று விலைக்கு வந்தது. சத்தத்தைக் கேட்டு, எஞ்சின் நல்லது என்றேன்; முதலாளி வாங்கிவிட்டார். விற்றவன் கோளாறு தெரியாமலிருக்க முன்கூட்டியே ஓட்டி எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கிறான். நான் எஞ்சின் மேல்மூடியை, அந்தப் பானட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, ஊர் நினைப்பு. மறுநாள் காலை ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் ஒரே வெள்ளைப் புகை. "நல்லா இருக்குன்னு சொன்னது நீதானே. பிரிச்சு மாட்டிட்டு அப்புறம் ஊருக்குப் போலாம்லா" என்று முதலாளி சிரித்துக்கொண்டே லீவை ரத்து செய்துவிட்டார்.

அதனால் ஊரில் ஓட்டிப் பிழைக்க நாம் வாங்கப்போகும் வண்டியை நீதான் பார்க்க வேண்டும். நீ படம் அனுப்பின இரண்டில் வெள்ளை வண்டி புதுசு, சத்தமில்லாமல் ஓடும். ஆனால் மோசமான டீசல் ஒருமுறை உள்ளே போனால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் போய்விடும், நம்மூரில் சரிசெய்ய ஆள் இல்லை. நீல வண்டி கத்தும், குலுக்கும். அதன் பழைய டீசல் பம்பை நான் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன். நீலத்தைப் போய்ப் பார். அது ஓடினால்தான் நான் அங்கே பிழைக்கலாம். ஏமாந்தால் இன்னும் மூன்று வருஷம் இங்கே. என்னால் முடியாது செண்பகம்.

விற்பவனிடம் சொல்லாமல் விடியற்காலையில் போ. பானட் சூடாக இருந்தால் திரும்பிவிடு. இல்லையென்றால் ஸ்டார்ட் பண்ணும் சத்தத்தைப் போனில் பதிந்து எனக்கு அனுப்பு.

முதலாளி கூப்பிடுகிறார். போன தடவை ஒரு வண்டிச் சத்தத்தைப் பதிந்தபோது குறுக்கே பேசினாய் என்று திட்டினேன். இந்தத் தடவை பேசு. பாப்பாவையும் பேசச் சொல்.

உன்
குமரவேல்